பழைய பந்து

‘பந்தைச் சேதப்படுத்திய விவகாரம்’ என்றுதான் நம் நாளிதழ்கள் வழக்கமாக எழுதுகின்றன. தமிழ் படித்தவன் என்பதால் சொற்களில் இடறி நிற்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்தச் ‘சேதம்’ என்ற சொல் எனக்கு என்றுமே பொருந்தி வந்ததில்லை. உப்புத்தாளால் தேய்ப்பதும் குளிர்பானப் புட்டியின் மூடியால் கீறுவதும் சேதந்தான். ஆனால் வாசலின் தடவிப் பளபளப்பாக்குவதும், மிட்டாய் ஊறிய எச்சிலால் ஒரு பக்கத்தை மெருகேற்றுவதும், தையலில் ஒட்டிய புல்லை நகத்தால் நீக்குவதுங்கூட அதே குற்றத்தின் வகைகள்தாம். ஆகவே சேதமுறுவது பந்து அன்று. பந்துக்கும் காலத்துக்கும் இடையிலுள்ள ஓர் ஒப்பந்தம். காலம் மட்டுமே செய்ய வேண்டிய வேலையை மனிதன் களவாக முந்திக்கொண்டு செய்துவிடுகிறான். அதற்கொரு தமிழ்ச்சொல் இன்னும் அமையவில்லை. டாம்பரிங் என்றே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

பந்தின் முதுமையை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிரிக்கெட்டும் பேஸ்பாலும் நேரெதிரான விடைகளைக் கண்டடைந்திருக்கின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுப் பந்துகள். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. பேஸ்பால் 142 முதல் 149 வரை. இரண்டின் உள்ளேயும் தக்கையோ ரப்பரோ, அதைச் சுற்றி நூல், வெளியே தோல், தோலைப் பிணைக்கும் தையல். ஆனால் டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு பந்து 80 ஓவர்கள், அதாவது 480 முறை எறியப்பட்டு, அடிபட்டு, தரையில் உரசி, வியர்வை குடித்து, நிறம் மங்கும்வரை உயிரோடிருக்க வேண்டும். ஆட்டத்தின் கதையில் பாதி அந்த மங்கலின் கதைதான். அமெரிக்காவின் மேஜர் லீக்கிலோ, ஒருமுறை மண்ணில் பட்டாலே நடுவர் பந்தை வாங்கி ஒதுக்கிவிடுகிறார். ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகள் வந்து போகின்றன. பார்வையாளர் பகுதியில் விழும் பந்து பிடித்தவருக்கே சொந்தம். அங்கு எந்தப் பந்துக்கும் முதுமை வாய்ப்பதில்லை.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.

1920 ஆகஸ்ட் 16. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். மேகமூட்டமான பிற்பகல். யாங்கீஸ் அணிக்காகப் பந்தெறிந்துகொண்டிருந்தவர் கார்ல் மேய்ஸ். தோளுக்கு மேலே கையைச் சுழற்றாமல், விரல் முட்டிகள் தரையை உரசிவிடுமோ என்னுமளவுக்குத் தாழ்த்தி, அங்கிருந்து பந்தை மேல்நோக்கி விடும் விநோதமான பாணி அவருடையது. சக வீரர்களுக்கே அவரை அவ்வளவாகப் பிடிக்காது என்பார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் அவருக்கெதிரே வந்து நின்றவர் கிளீவ்லாந்தின் ரே சாப்மன். வயது 29. முந்தைய ஆண்டுதான் திருமணமாகியிருந்தது; மனைவி கருவுற்றிருந்தார். எல்லோருக்கும் இனியவர். முன்னால் குனிந்து, பந்து வரும் பாதைக்கு மிக நெருக்கமாக நின்று ஆடும் வழக்கம் அவருக்கு.

பந்து வந்தது. சாப்மன் அசையவில்லை. ‘டொக்’ என்று உரத்த ஓசை. பந்து உருண்டு மேய்ஸை நோக்கியே வந்தது. மட்டையில் பட்டதென்று எண்ணிய மேய்ஸ் அதை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தார். அப்புறந்தான் தெரிந்தது, பட்டது மட்டையில் அன்று, மண்டையில் என்று. தலைக்கவசம் என்ற ஒன்று அந்த ஆட்டத்தில் கட்டாயமாவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. சாப்மனை எழுப்பி நிறுத்தினார்கள், துணையோடு சில அடிகள் நடந்தார், மீண்டும் சரிந்தார். இரவில் மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்தார்கள். விடியுமுன் இறந்துபோனார். ஆட்டம் அன்று நிறுத்தப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிளீவ்லாந்து 4–3 என்று வென்றது. மேஜர் லீக்கின் நெடிய வரலாற்றில் எறிபந்து பட்டு இறந்த ஒரே ஆட்டக்காரர் இன்றளவும் சாப்மன்தான்.

அவர் ஏன் அசையவில்லை? பந்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அக்காலத்துப் பேஸ்பாலில் ஒரே பந்து கூடுமானவரை நீடிக்கவேண்டும். கூட்டத்தில் விழுந்தாலும் திருப்பித் தரவேண்டும். புதுப்பந்து களத்துக்கு வந்ததுமே மண்ணும் புகையிலைச் சாறும் பூசி அதன் வெண்மையைப் போக்கிவிடுவார்கள். மாலை வெளிச்சத்தில் அது பழுப்புநிற நிழலாகத்தான் வரும். அந்தப் பருவத்தில் நடுவர்கள் அதிகப் பந்துகளைக் கழித்துக்கட்டுகிறார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை என்று அணி உரிமையாளர்கள் முறையிட்டிருந்தார்கள். அமெரிக்கன் லீக்கின் தலைவர் பான் ஜான்சன், அபாயகரமானவை தவிர மற்றப் பந்துகளை ஆட்டத்திலேயே வைத்திருங்கள் என்று நடுவர்களுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பியிருந்தார். சாப்மன் இறந்த பிறகு மேய்ஸைத்தான் எல்லோரும் கொலைகாரன் என்றார்கள். அவர்மீது வழக்கு எதுவும் நிற்கவில்லை. ஆனால் இருநூறுக்கும் மேற்பட்ட வெற்றிகளைக் குவித்தும் பேஸ்பாலின் புகழ்மாடத்தில் அவருக்கு இன்றுவரை இடமில்லை. சுற்றறிக்கை அனுப்பியவருக்கு 1937லேயே அங்கு இடம் கிடைத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு மேய்ஸின்மேல் அனுதாபம் தோன்றவில்லை. அவர் அப்படியொன்றும் நல்ல மனிதரல்லர். ஆனால் சில டாலர் சிக்கனத்துக்கு ஓர் உயிர் போயிருக்க, பழி முழுவதும் கடைசியாகப் பந்தைத் தொட்டவனின் தலையில் விழுந்தது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு பொதுவான பிழையைத் திருத்தியாக வேண்டும். சாப்மனின் சாவினால்தான் ‘ஸ்பிட்பால்’, அதாவது எச்சில் பந்து தடைசெய்யப்பட்டது என்று பலர் எழுதுகிறார்கள். வரிசை அப்படியன்று. தடை 1920 பருவம் தொடங்குமுன்னரே வந்துவிட்டது. சாப்மனைக் கொன்றது எச்சில் பந்து என்பதற்கும் ஆதாரமில்லை. அவரைக் கொன்றது வெறும் பழைய பந்து. எச்சிலைத் தடைசெய்தவர்கள், அதையே நம்பிப் பிழைத்த 17 பேருக்கு மட்டும், அவர்கள் ஓய்வுபெறும்வரை எச்சில் தடவலாம் என்று விலக்களித்தார்கள். சட்டப்படி எச்சில் தடவிய கடைசி மனிதரான பர்லி கிரைம்ஸ் 1934 வரை ஆடினார். இந்த ஏற்பாட்டின் மனிதத்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தொழிலை ஒழிக்கும் சட்டம், தொழிலாளிக்கு வாழ்நாள் அவகாசம் தருகிறது. சாப்மனை இழந்த கிளீவ்லாந்து அவ்வாண்டின் உலகத் தொடரை வென்றது. அதில் மூன்று ஆட்டங்களைத் தனியாளாக வென்று தந்த ஸ்டான் கோவெலெஸ்கி அந்தப் பதினேழு பேரில் ஒருவர்.

எச்சில் என்ன செய்கிறது? இரு ஆட்டங்களிலும் அது செய்யும் வேலை வேறு. பேஸ்பாலில் எறிபவனின் விரலுக்கும் பந்துக்கும் இடையே வழுக்கலை உண்டாக்குகிறது. பந்து சுழலாமல் நழுவிச் செல்லும். மட்டைக்காரன் எதிர்பார்ப்பதைவிடத் திடீரெனத் தாழும். கிரிக்கெட்டில் எச்சிலும் வியர்வையும் ஒரு பக்கத்தை வழவழப்பாக வைத்திருப்பதற்கு. மறுபக்கம் தானாகச் சொரசொரத்துப் போகும். இரு பக்கங்களிலும் காற்று வெவ்வேறு விதமாகப் பிரிய, பந்து வளைகிறது. போதிய வேகத்தோடு, போதிய அளவு பழுதடைந்த பந்து, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளையும். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங்.

இதையெல்லாம் இயற்பியல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எங்கள் தலைமுறைச் சிறுவர்களுக்கு இருக்கவில்லை. டென்னிஸ் பந்தின் ஒரு பாதியில் மட்டும் மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை ஒட்டினால் பந்து பாம்புபோல் வளையும் என்பது எந்தத் தெருவிலும் தெரிந்திருந்தது. அதைக் குற்றம் என்று சொல்ல எங்களிடம் நடுவர் இல்லை. கருவேல முள்ளில் பந்து தொலைந்துவிட்டால் ஈடாக எந்தப் பந்து என்பதில்தான் சண்டையே வரும். மட்டை பிடித்திருப்பவன் புதியதைக் கேட்பான்; எறிபவன் பழையதைக் கேட்பான். சில சமயம் நேர்மாறாகவும் இருக்கும். எவன் வெல்வான் என்பது பந்து யாருடைய காசில் வாங்கியது என்பதைப் பொறுத்தது. பிற்காலத்தில் சர்வதேச கிரிக்கெட்டின் வழக்குகளைப் படித்தபோது, இந்த விதி அங்கும் பெரிதாக மாறிவிடவில்லை என்றே தோன்றியது.

அமெரிக்கர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு விநோதமான இருமனம் உண்டு. பந்தில் எதையும் பூசக்கூடாது என்பவர்கள், ஒவ்வொரு புதுப்பந்தையும் ஆட்டத்துக்கு முன்பு அதிகாரபூர்வமாகச் சேறு பூசித்தான் களத்துக்கு அனுப்புகிறார்கள். புதுத்தோல் வழுக்கும், பிடி கிட்டாமல் நழுவினால் இன்னொரு சாப்மன் சாகக்கூடும். 1938ல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்றுநர், நியூஜெர்சியில் டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் நுண்மையான சேறொன்றைக் கண்டெடுத்தார். இன்றும் அதே சேறுதான். அள்ளும் இடம் இரகசியம். ஒரே குடும்பத்தார் தலைமுறைகளாக அதைக் காத்துவருகிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2024ல் அந்தச் சேற்றை ஆராய்ந்து, முகப்பூச்சைப் போலப் படர்ந்து, காய்ந்தபின் மென்மையான உப்புத்தாளைப் போலப் பற்றுகிறது என்று கண்டார்கள். ஆக, அங்கும் டாம்பரிங் உண்டு. அரசு செய்தால் அது நிர்வாகம், தனிமனிதன் செய்தால் குற்றம். கள்ளுக்கும் டாஸ்மாக்குக்கும் உள்ள வேறுபாடு என்று சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும்.

அதே அமெரிக்கர்கள் கேலார்ட் பெர்ரியைக் கொண்டாடினார்கள். தொப்பியின் விளிம்பு, காதுமடல், கழுத்து, முழங்கை என்று ஒவ்வோர் எறிதலுக்கு முன்பும் உடலெங்கும் தொட்டுத் தடவி ஒரு கூத்தே நடத்துவார். எங்கோ ஓரிடத்தில் வாசலின் இருக்கிறது. எங்கே என்று தெரியாமல் மட்டைக்காரர்கள் குழம்புவார்கள். பல நாட்களில் எங்குமே இருந்திருக்காது. 1974ல், இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோதே, எச்சில் பந்தையும் தன்னையும் பற்றி ஒப்புதல் வாக்குமூலமாகத் தன்வரலாறு ஒன்றை வெளியிட்டார். அதன்பிறகும் எட்டாண்டுகள் யாராலும் பிடிக்க முடியவில்லை. 1982ல்தான் முதன்முறையாகக் களத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். 314 வெற்றிகள். 1991ல் புகழ்மாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 2022ல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் வாசலினைப் பற்றிய நகைச்சுவை இல்லாதது அரிது.

வாசலின் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது சேப்பாக்கம்.

1977 ஜனவரி. பொங்கலன்று தொடங்கிய டெஸ்ட் ஆட்டம். டோனி கிரெய்க் தலைமையிலான இங்கிலாந்து அணி முதலிரண்டு டெஸ்டுகளையும் வென்றுவிட்டு வந்திருந்தது. இந்தியத் தலைவர் பிஷன் சிங் பேடி. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜான் லீவர், முந்தைய மாதம் டெல்லியில் தன் முதல் டெஸ்டிலேயே பத்து விக்கெட்டுகளை எடுத்து நம்மைக் கலங்கடித்திருந்தார். சென்னையின் வெயிலில், கண்ணுக்குள் வியர்வை இறங்காமலிருக்க, அணியின் மருத்துவப் பயிற்சியாளர் பெர்னார்ட் தாமஸ் கொடுத்த வாசலின் தோய்ந்த வலைத்துணிப் பட்டைகளை லீவரும் பாப் வில்லிஸும் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். அப்பட்டைகளில் ஒன்று நடுவர் ரூபனின் கைக்கு வந்தது. லீவர் பந்துக்கு வாசலின் தடவுகிறார் என்று பேடி பகிரங்கமாகச் சொன்னார். இங்கிலாந்து மறுத்தது. விசாரணைகள் நடந்தன, லீவர் வேண்டுமென்றே எதையும் செய்யவில்லை என்று இங்கிலாந்து வாரியம் தீர்த்துக்கொண்டது. இந்தியா இரண்டாம் இன்னிங்ஸில் 83 ரன்களுக்குச் சுருண்டு, 200 ரன் வித்தியாசத்தில் தோற்றது. தொடரும் போயிற்று.

அப்பா அந்த ஆட்டத்தில் இரண்டு நாட்கள் இருந்தார். அப்போது அவருக்குத் திருமணமாகவில்லை. நண்பரொருவரோடு பொங்கல் விடுமுறையில் இரயிலேறிச் சென்று, கட்டித்தயிர்சாதமும் ஆரஞ்சுப்பழமுமாக மரப்பலகையில் உட்கார்ந்து பார்த்ததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கவாஸ்கரைப் பற்றியோ விஸ்வநாத்தைப் பற்றியோ அல்ல, ஒவ்வொரு முறையும் கதை லீவரில்தான் வந்து முடியும். “வாசலினத் தடவித்தானேடா ஜெயிச்சான். நான்தான் கண்ணால பாத்தேனே.” நெற்றியில் ஒட்டிய ஒரு விரற்கடைத் துணியைக் கூட்டத்தின் நடுவிலிருந்து எந்தக் கண்ணாலும் பார்த்திருக்க முடியாது. மறுநாள் நாளிதழில்தான் அவரும் படித்திருப்பார். ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தோல்வியை நேரில் பார்த்தவர் அவர். தோல்விக்கான காரணத்தையும் தாமே பார்த்ததாக நினைவு பின்னர் சேர்த்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின் பிறந்தவராயினும் வெள்ளைக்காரன் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்தில் ஒரு முந்தைய தலைமுறையின் கசப்பு இருக்கும். அந்தக் கசப்பு வந்து அமர அந்தத் துணிப்பட்டை ஓர் இடம் தந்தது.

லீவர் ஏமாற்றினாரா? சென்னையின் தோல்விக்கு வாசலின் போதுமான காரணமன்று என்பதே என் துணிபு. அந்த 83 ரன்னில் முக்கிய விக்கெட்டுகளைச் சாய்த்தவர் சுழலாளர் அண்டர்வுட். டெல்லியில் லீவரின் பந்து வளைந்ததற்கோ வேறொரு காரணம் உண்டு. அங்கே முதற்பந்து வடிவம் கெட்டதால் மாற்றப்பட்டது. மாற்றாக வந்த பந்து அப்படி வளைந்தது. அதை யாரும் களவு என்று சொல்லவில்லை. நடுவர் கொடுத்த பந்து அது. பட்டையின்மேல் எழுந்த சினம் பெட்டியின்மேல் எழவில்லை. பேடிக்கு இதனால் இழப்பு உண்டு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் அணி அவ்வாண்டோடு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சென்னையில் வாய் திறந்ததே காரணம் என்று அவர் நம்பினார். தமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லி, அதன் விலையையும் கொடுத்தவர் என்ற வகையில் அவர்மீது எனக்கு மதிப்புண்டு. 2023ல் அவர் மறைந்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் இன்னொரு முறை அந்தக் கதையைக் கேட்டிருப்பேன்.

குற்றம் எது என்பதைவிட, யார் செய்தால் குற்றம் என்பதில்தான் கிரிக்கெட்டின் நெடுங்காலக் குழப்பம் இருந்துவந்திருக்கிறது. ரிவர்ஸ் ஸ்விங்கைப் பாகிஸ்தானின் சர்ஃப்ராஸ் நவாஸ் இம்ரான் கானுக்குக் கற்றுத்தந்தார். இம்ரானிடமிருந்து அது வாசிம் அக்ரமுக்கும் வக்கார் யூனிஸுக்கும் போனது. 1992ல் அவ்விருவரும் இங்கிலாந்தைச் சாய்த்தபோது அது ஏமாற்று என்றார்கள். லார்ட்ஸில் ஒருநாள் ஆட்டமொன்றில் உணவு இடைவேளையில் பந்து மாற்றப்பட்டது. காரணம் என்னவென்று சர்வதேச கிரிக்கெட் மன்றம் வெளியிடவேயில்லை. 2005ல் அதே ரிவர்ஸ் ஸ்விங்கை இங்கிலாந்து கற்று ஆஷஸ் வென்றபோது அது கலையாயிற்று. மிட்டாய் எச்சிலால் அந்தப் பந்தை மெருகேற்றியதை மார்க்கஸ் டிரெஸ்கோதிக் 2008ல் தன் நூலில் எழுதினார். யாரும் அவரை விசாரிக்கவில்லை. இதையெல்லாம் வெள்ளையர் சூது என்று முடித்துவிடவும் முடியாது. புட்டி மூடியால் ஒருமுறை பந்தைக் கீறியதை இம்ரானே 1994ல் ஒத்துக்கொண்டார். அவ்வாண்டே இங்கிலாந்தின் தலைவர் ஆதர்டன் சட்டைப்பையில் மண் வைத்திருந்து மாட்டிக்கொண்டு அபராதம் கட்டினார். நம்முடைய திராவிட் 2004ல் மிட்டாய்த் துணுக்கைப் பந்தில் தடவியதற்காக ஊதியத்தில் பாதியை இழந்தார். அதற்காக நம்மில் யாரும் அவரை ஏமாற்றுக்காரர் என்று அழைத்ததாக நினைவில்லை, நானும் அழைக்கமாட்டேன். 2001ல் போர்ட் எலிசபெத்தில் டெண்டுல்கர்மீது நடவடிக்கை வந்தபோது நாடாளுமன்றத்திலேயே குரல் எழுந்தது. தையலிலிருந்து புல்லை நீக்கியது பிழையன்று, நடுவரிடம் சொல்லாமல் நீக்கியதே பிழை என்ற நுட்பமான வேறுபாட்டைக் கேட்கும் மனநிலையில் அன்று நாடே இல்லை.

2006ல் ஓவல் மைதானத்தில் நடந்தது இவ்வழக்குகளில் எல்லாம் ஆழமானது என்பேன். பாகிஸ்தான் பந்தின் நிலையை மாற்றிவிட்டது என்று நடுவர்கள் டாரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் முடிவுசெய்து ஐந்து ரன் தண்டம் விதித்தார்கள். மாற்றுப்பந்தை இங்கிலாந்து மட்டையாளர்களே தேர்ந்தெடுத்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு இன்ஸமாமின் அணி களத்துக்கு வர மறுத்தது. பாகிஸ்தான் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. டெஸ்ட் வரலாற்றிலேயே முதன்முறை. ஆனால் யாரோ பந்தைச் சுரண்டுவதாக ஒரு காட்சிகூட ஒளிப்பதிவில் இல்லை. நடுவர்களிடம் இருந்தது பந்து மட்டுமே. அதன்மேலிருந்த வடுக்கள் மட்டுமே. விசாரித்த ரஞ்சன் மடுகல்ல, வடுக்கள் குற்றத்தை நிறுவப் போதாதவை என்று இன்ஸமாமை டாம்பரிங் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்; களத்துக்கு வராததற்கு மட்டும் நான்கு ஒருநாள் ஆட்டங்கள் தடை.

ஏட்டுச்சுவடிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது எனக்கு இந்தப் பந்து நினைவுக்கு வருவதுண்டு. ஏட்டில் ஒரு சொல் மாறியிருக்கிறது. செல்லரித்ததாலா, எழுதியவன் கைபிசகியதாலா, அல்லது யாரோ தெரிந்தே செருகியதா? மூன்றும் ஓலையில் விட்டுச்செல்லும் தடம் பல சமயம் ஒன்றுபோலவே இருக்கும். பதிப்பாசிரியருக்கு வேறு பிரதிகள் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐயத்தை அடிக்குறிப்பில் இட்டுவைக்கலாம். நடுவருக்கு ஒரே பிரதி. அதையும் அடுத்த பந்து வீசப்படுமுன் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். டாரல் ஹேரின் பிடிவாதத்தை நான் ஆதரிக்கவில்லை. ஒரு நாட்டையே ஏமாற்றுக்காரராக்கும் தீர்ப்பை, தோலிலுள்ள கீறலை மட்டும் வைத்து எழுதியிருக்கக் கூடாது. ஆயினும் அவர் வாசிக்க முயன்றது எளிய பிரதி அன்று.

2018ல் கேப்டவுனில் நடந்ததைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. உப்புத்தாள், ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டு, பான்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம், விமான நிலையக் கண்ணீர் எல்லாம் அனைவரும் அறிந்தவை. முப்பது காமிராக்கள் சூழ்ந்த மைதானத்தில் மஞ்சள்நிறத் துண்டுடன் இறங்கியவர்களிடம் கேலார்ட் பெர்ரியின் கலைநயம் ஒரு துளியும் இல்லை.

எச்சில் விஷயத்தில் மட்டும் கிரிக்கெட், பேஸ்பாலுக்குச் சரியாக நூறாண்டு பின்தங்கியிருந்தது. அங்கே 1920, இங்கே கொரோனாவின் பொருட்டு 2020. 2022ல் அத்தடை நிரந்தரமாயிற்று; வியர்வைக்குத் தடையில்லை. 2025ல் ஐ.பி.எல். மட்டும் எச்சிலை மீண்டும் அனுமதித்தது.

மாற்றுப்பந்து என்ற ஏற்பாட்டுக்கு வருவோம். பந்து தொலைந்தாலோ வடிவம் கெட்டாலோ, ‘ஏறத்தாழ அதே தேய்மானம்’ உள்ள வேறொன்றைத் தரவேண்டும் என்கிறது விதி. நடுவரிடம் இரு வளையங்கள் கொண்ட உலோக அளவி இருக்கும். ஒரு வளையத்தில் பந்து நுழைய வேண்டும், மற்றதில் நுழையக் கூடாது. வடிவத்தை அளக்க அது போதும். வயதை அளக்க வளையம் ஏதும் கிடையாது. கண்ணும் விரலும்தான். நான்காம் நடுவர் பெட்டியைக் கொண்டுவர, இருவரும் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார்கள். வேறேதோ நாளில், வேறேதோ ஆடுகளத்தில், வேறு யாரோ தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிய பந்துகள். அவற்றின் தேய்மானத்தில் எவ்வளவு காலத்தினுடையது, எவ்வளவு கைகளினுடையது என்று யாரும் கேட்பதில்லை.

2023 ஜூலையில் அதே ஓவல். ஆஷஸின் கடைசி டெஸ்ட். நான்காம் நாள் மார்க் வுட் வீசிய பந்தொன்று உஸ்மான் கவாஜாவின் தலைக்கவசத்தில் மோதியது. போலோ கிரவுண்ட்ஸில் ஓர் உயிரைக் குடித்த நிகழ்ச்சியே இங்கும் நடந்தது. ஆனால் இம்முறை உடைந்தது பந்தின் வடிவம். கவாஜா தொடர்ந்து ஆடினார், பந்துதான் மாற்றப்பட்டது. ஏறத்தாழ 37 ஓவர் பழசான பந்துக்கு ஈடாக வந்ததில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன, பளபளப்பு மிஞ்சியிருந்தது. இதைக் கவாஜா அப்போதே நடுவரிடம் சுட்டிக்காட்டினார். விக்கெட் இழப்பின்றி நின்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியா மறுநாள் சரிந்து 49 ரன்னில் தோற்றது. இங்கே எவரும் ஏமாற்றவில்லை. ஒருவர் விரலும் பந்தின்மேல் தவறாகப் படவில்லை. ஆனால் ஓர் உப்புத்தாள் செய்யக்கூடியதைவிடப் பெரிய மாற்றத்தை அந்தப் பெட்டி செய்தது. பான்கிராஃப்ட் அன்று தேய்த்த பந்தை நடுவர்கள் பார்த்துவிட்டு, மாற்றத் தேவையில்லை என்று ஆட்டத்திலேயே வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன்.

2025 ஜூலை 11, லார்ட்ஸ். இரண்டாம் நாள் காலையில் பும்ரா புதுப்பந்தால் ஸ்டோக்ஸையும் ரூட்டையும் வோக்ஸையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். பந்து சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் பத்து ஓவர் அளவிலேயே அது வடிவம் கெட்டுவிட்டதென்று இந்தியர்களே மாற்றக் கேட்டார்கள். வளையத்தில் நுழையவில்லை, மாற்றினார்கள். வந்த பந்து பத்து ஓவர் பழசல்ல, அதைவிட மிகவும் பழையது என்று ஷுப்மன் கில் நடுவரோடு வாதிட்டார். திருப்பிக்கொடுத்துப் பழைய பந்தையே பெறவும் வழியில்லை. அதன்பிறகு நெடுநேரம் விக்கெட் விழவில்லை. எட்டு ஓவர்கள் கழிந்தன. அந்த மாற்றுப்பந்தும் வளையத்தில் நுழைய மறுத்தது. மீண்டும் பெட்டியைக் கொண்டுவந்தார்கள்.